முகமூடி போட்டால் நம்ம ஆள்

நெரெய்டா சேம்பர்ஸுக்கு பஸ்ஸில் மெதுவாகப் பேச வராது. ஏறி உட்கார்ந்த கையோடு பக்கத்து ஆளிடம் வெயிலைப் பற்றியோ வாழைக்காய் விலையைப் பற்றியோ ஓட்டுநர் காது வரை எட்டுகிற மாதிரி நாலு வார்த்தை ஸ்பானிஷில் பேசிவிட வேண்டும். அது அவள் அப்பா பழக்கி வைத்தது. "நம்ம தோலைப் பார்த்து எவனும் ஒரு முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி நம்ம பேச்சு அவன் காதுல விழுந்துடணும்" என்பார் அவர். டொமினிகன் நாட்டில், கொன்சுவேலோ என்கிற ஊரின் சர்க்கரை ஆலையில் காலமெல்லாம் கொதிகலன் பார்த்த மனுஷன். அவருடைய அப்பா, இங்கிலீஷ் பேசுகிற ஒரு குட்டித் தீவிலிருந்து பாய்மரக் கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர். அப்படி வந்தவர்களை ஊர் ‘கொக்கோலோ’ என்று சொல்லிக் கேலி செய்தது. ரெண்டு தலைமுறை போனதும் அந்த வசவே பட்டமாகிவிட்டது. கொக்கோலோ சமையல், கொக்கோலோ ஆட்டம் என்று நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

அதே ஆலைக்கு அதே கரும்பை வெட்ட, எல்லைக்கு அந்தப் பக்கம் ஹைத்தியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. அதனால் சேம்பர்ஸ் வீட்டுப் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம், "நாங்க ஹைத்திக்காரங்க இல்ல" என்பதுதான். நெரெய்டாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கடையில், ஆஸ்பத்திரியில், வங்கி வரிசையில், யாராவது முகத்தைச் சுளித்து ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த வாக்கியம் தானாக வாயில் வந்து நிற்கும்.

மார்ச் முதல் ஞாயிறு, தலைநகரின் கடற்கரைச் சாலையில் கார்னிவல். கொன்சுவேலோவிலிருந்து அவர்கள் ஆட்டக் குழு காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. நெரெய்டாதான் குழுவுக்குத் தையல்காரி, கணக்குப் பிள்ளை, வசவுக்காரி எல்லாம். அவள் தம்பி ரெய்னால்டோ, எல்லாருக்கும் நால்டோ, ராட்சதன் வேஷம் கட்டுகிறவன். ஆள் என்னவோ ஈர்க்குச்சி. மயில் இறகு வைத்த கிரீடமும், கண்ணாடிச் சில்லு தைத்த மேலாடையும், வலைத்துணி முகமூடியும் மாட்டிவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு முழம் வளர்ந்துவிடுவான். அன்றைக்குச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் வேண்டும் என்று வேஷத்தைக் கழற்றி அக்கா மடியில் வைத்துவிட்டு, பனியனும் அரைக்கால் சட்டையுமாக, விருந்தினர் மேடைக்குப் பின்பக்கம் போனான். போனவன் போனவன்தான்.

செய்தியைக் கொண்டுவந்தது குழுவின் முக்கோண மணிக்காரர். "அக்கா, நால்டோவைத் தூக்கிட்டாங்க. கூண்டு லாரில ஏத்திட்டாங்க."

கூண்டு லாரி என்றால் அந்த ஊரில் விளக்கம் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஆள் பிடிக்கிற வண்டி. நெரெய்டா கிரீடத்தையும் மேலாடையையும் முகமூடியையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் பொரித்த மீன் வாசனை, மேளச் சத்தம், சவுக்கு வீசுகிற பிசாசு வேஷங்கள். யார் காலை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

லாரி நிழல் பார்த்து நின்றிருந்தது. அந்த நிழலைக் கொடுத்தது ஒரு விளம்பரத் துணி. ஒரு மாடி உயரத்துக்கு ராட்சதன் முகமூடி, மயில் இறகு, கீழே கொட்டை எழுத்தில் ‘நம் அடையாளம்’. படத்தில் இருந்தது நால்டோவின் வேஷமேதான். போன வருஷம் எவனோ ஒரு புகைப்படக்காரன் எடுத்துக்கொண்டு போனான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே, கம்பிக்குப் பின்னால், பனியனோடு நின்றிருந்தான் நால்டோ. முகம் வியர்த்து ஊற்றியது. அவனைச் சுற்றி இன்னும் ஒரு கூட்டம், கட்டட வேலைக்காரர்கள், தலையில் துணி சுற்றிய பெண்கள், ஒருத்தி மடியில் தூங்குகிற கைக்குழந்தை.

"அக்கா, அடையாளக் கார்டு பஸ்ல இருக்கு. நான் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாங்க" என்றான் நால்டோ. பஸ்ஸை ஓட்டுநர் ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். சாலையெல்லாம் அடைப்பு. ஊர்வலம் முடிகிற வரைக்கும் அது வராது.

லாரிக் கதவருகே ஒரு அதிகாரி சாய்ந்து நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். நெரெய்டா அவனை மேலும் கீழும் பார்த்தாள். நால்டோவை விட அரைச் சாயம் கூடுதல் கறுப்பு.

"தம்பி, கதவைத் திற. அவன் என் கூடப் பொறந்தவன். டொமினிகன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்கம்மா."

"அவன் பேசறதைக் கேட்டியா? நல்லாக் கேளு. நம்ம பேச்சுதானே?"

"பேச்சு யார் வேணாலும் கத்துக்கலாம். பேரு என்ன சொன்னான் தெரியுமா? சேம்பர்ஸ். அது நம்ம ஊர்ப் பேரா?"

"உன் பழைய அடையாளக் கார்டுல உன் நிறம் என்னன்னு போட்டிருந்தது?"

அதிகாரி ஆரஞ்சுத் தோலைக் கீழே போட்டான். "இந்தியோ. ஏன்?"

நெரெய்டாவுக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை. இந்த நாட்டில் கறுப்பன் என்று ஒருத்தனும் கிடையாது. எல்லாரும் ‘இந்தியோ’. வெள்ளைக்காரன் வந்து இறங்கிய கொஞ்ச காலத்திலேயே கொன்று தீர்த்த ஆதிக்குடி இருக்கிறதே, அதன் நிறமாம். வெளுப்பு இந்தியோ, கறுப்பு இந்தியோ, இலவங்கப்பட்டை இந்தியோ. செத்துப்போன ஜனங்களின் தோலைத் தலைமுறை தலைமுறையாகப் போர்த்திக்கொண்டு திரிகிறார்கள். போர்த்திக்கொள்ளத் தெரியாதவனைப் பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள்.

"நீ இந்தியோன்னா அவன் உனக்கு அண்ணன் இந்தியோ" என்றாள். "வீட்ல கண்ணாடி இல்லன்னா சொல்லு, இந்தா, இந்த வேஷத்துல நூறு கண்ணாடி தைச்சிருக்கேன். எதுல வேணாலும் பாத்துக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் இறுகிவிட்டது. "அம்மா, மரியாதையாப் பேசுங்க. இல்லன்னா உங்களையும் உள்ள ஏத்தி உங்க பேச்சைச் சோதிக்க வேண்டியிருக்கும்."

நெரெய்டாவுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. மாத்திரை இன்னும் தம்பி கையிலேயே இருந்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. எல்லை வரைக்கும் அந்த வெயிலில் நின்றுகொண்டே போனால் அவன் தாங்கமாட்டான். பயம் வந்தால் அவளுக்குக் குரல் ஏறும். அப்பா கற்றுக்கொடுத்த வாக்கியம் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நாங்க ஹைத்திக்காரங்க இல்லடா. நல்லாக் கேளு, நாங்க கொக்கோலோ. படிச்ச ஜனம், கோயிலுக்குப் போற ஜனம். இந்தக் கூட்டத்தோட என் தம்பியைச் சேர்க்கிறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இதுங்க மாதிரியா இருக்கான் அவன்?"

லாரிக்குள் ஒரு நிமிஷம் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கம்பியோரம் உட்கார்ந்திருந்த ஒரு இளம்பெண், காலடியில் தேங்காய் மிட்டாய்த் தட்டை வைத்திருந்தவள், நிதானமாகச் சொன்னாள். "கொஞ்சம் மெதுவாக் கத்துங்கக்கா. குழந்தை தூங்குது."

அந்தப் பேச்சு நெரெய்டாவைச் சுருக்கென்று தைத்தது. அது கொன்சுவேலோப் பேச்சு. கடைசி எழுத்தை விழுங்குகிற தினுசு, ‘அக்கா’வை இழுக்கிற இழுப்பு, எல்லாம் அவள் தெருவில் கேட்கிறது.

"நீ எந்த ஊரு?"

"உங்க ஊருதான். ஆலைக்குப் பின்னால கரும்புக்காரங்க குடியிருப்பு. பேரு இஸ்மேலா. உங்க தம்பி புத்தாண்டுக்கு ஆடிட்டு வந்தா எங்க வாசல்லதான் முகமூடியைத் தூக்கித் தண்ணி குடிப்பார்." அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "சார், நான்தான் முதல்லயே சொன்னேனே. இவர்தான் அந்தப் படத்துல இருக்கிறவர். எனக்கு நல்லாத் தெரியும்."

"உன்னைக் கேட்டேனா?" என்றான் அதிகாரி.

தலைக்கு மேலே ஒரு மாடி உயரத்துக்குப் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த முகமூடிக்குள் இருக்கிற முகம் எது என்று அங்கே சொல்லத் தெரிந்த, குழுவைச் சேராத ஒரே ஆள் கம்பிக்குள் இருந்தாள். அவள் சாட்சி செல்லாது.

அதற்குள் விழாக் குழுவைச் சேர்ந்த ஃபாவுஸ்தோ, கழுத்தில் அட்டை ஆட, மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். மேடையில் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்து கொன்சுவேலோக் குழு, ராட்சதனைக் காணோம் என்ற பதற்றம் அவனுக்கு. அதிகாரியின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினான். திரும்பி வரும்போது ரெண்டு பேர் முகத்திலும் சிரிப்பு.

"பிரச்சினை தீர்ந்துச்சு" என்றான் ஃபாவுஸ்தோ. "சார் ரொம்ப நல்லவர். ஒண்ணே ஒண்ணு கேக்கறார். உங்க தம்பி நிஜமாவே ஆட்டக்காரர்னா, வேஷத்தைப் போட்டு ரெண்டு அடி ஆடிக் காட்டட்டும். உடனே விட்டுடுவார்."

"ஆடணுமா?" என்றாள் நெரெய்டா.

"சும்மா ரெண்டு அடி."

"அவன் இந்த நாட்டுல பொறந்தவன்னு காட்ட, ஆடணுமா? அப்ப இவனையும் ஆடச் சொல்லு." அதிகாரியைக் கையால் காட்டினாள். "நம்ம நாட்டு ஆட்டம், மெரெங்கே ஆடட்டும். இடுப்பு வளையலன்னா இவனையும் உள்ள தள்ளு."

"நெரெய்டாம்மா, நேரம் போகுது" என்று ஃபாவுஸ்தோ கையைப் பிசைந்தான். "கௌரவத்தை அப்புறம் பார்த்துக்கலாம். மேடைல காத்திருக்காங்க."

கம்பிக்குப் பின்னாலிருந்து நால்டோ மெல்லச் சொன்னான். "குடு அக்கா. ஆடிடறேன். எனக்குத் தலை சுத்துது."

கதவு திறந்தது. நால்டோ இறங்கினான். யாரோ கொடுத்த தண்ணீரில் மாத்திரையை விழுங்கினான். நெரெய்டா மேலாடையை மாட்டினாள், கிரீடத்தை வைத்தாள், முகமூடியின் நாடாவைப் பின்னந்தலையில் கட்டினாள். முடிச்சை ரெண்டு தடவை போட வேண்டியிருந்தது. முகமூடி ஏறியதுமே அதிகாரி, "அட, ஆமா. இப்பத் தெரியுது" என்றான். கூடியிருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள். மேளம் இல்லை, குழல் இல்லை. யாரோ விசிலடித்தார்கள். லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சுத் தோல் கிடந்த தரையில், நாற்பத்தைந்து வயது மனுஷன் தான் யார் என்று நிரூபிக்க ஆடினான்.

நால்டோ மோசமாக ஆடினான் என்று சொல்ல முடியாது. அதுதான் நெரெய்டாவுக்குத் தாங்கவில்லை. அவன் உடம்புக்கு மோசமாக ஆடத் தெரியாது. கால் தன்பாட்டுக்கு வீசியது, இறகு தன்பாட்டுக்குச் சிலிர்த்தது, ஜனங்கள் கைதட்டினார்கள், கூட்டத்தில் ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி வேடிக்கை காட்டினாள். சின்னத் தீவிலிருந்து வந்தவர்கள் வருஷம் பூராவும் கங்காணியிடம் வாங்கிய அடியையும் ஏச்சையும் ஒரு நாளாவது மறக்க ஆடிய ஆட்டம் அது. கங்காணி முன்னாலேயே, கங்காணி சொன்னதால் ஆடுகிற ஆட்டமாக அதை ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"போதும், போதும். கூட்டிட்டுப் போங்க" என்று அதிகாரி பெருந்தன்மையாகக் கையை வீசினான். லாரி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினான்.

நெரெய்டா நகரவில்லை. கம்பிக்குள் இஸ்மேலா தட்டை மடிக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மிட்டாய் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. தன் தம்பிக்காக ஒரு வார்த்தை சொன்னவள். அவளை என்ன சொன்னோம் என்று நெரெய்டாவுக்கு நினைவு வந்ததும் கூசிப்போயிற்று.

"இவளும் எங்க ஆளுதான்" என்றாள் சத்தமாக. "இவளையும் இறக்கு."

அதிகாரி அலுத்துக்கொண்டான். "இப்பத்தானேம்மா ஒண்ணை விட்டேன்."

"எங்க குழுவுல பாடறவ. என் பெரியப்பா மகன் பொண்ணு. இஸ்மேலா சேம்பர்ஸ்."

ஃபாவுஸ்தோ வாயைத் திறந்தான். நெரெய்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான். மேடைப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கொன்சுவேலோக் குழுவைக் கூப்பிட்டது. அவசரம் எல்லாருக்கும் இருந்தது. அதிகாரி கம்பியருகே போய் இஸ்மேலாவிடம் கேட்டான். "அப்படியா? உன் பேரு சேம்பர்ஸா?"

தலையை ஆட்டினால் போதும். அன்றைக்கு ராத்திரி தன் வீட்டில், தன் பாயில் படுத்துக்கொள்ளலாம். நெரெய்டா கண்ணாலேயே கெஞ்சினாள். ஆட்டு, பிள்ளை, தலையை ஆட்டு.

இஸ்மேலா அதிகாரியைப் பார்க்கவில்லை. நெரெய்டாவைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நெரெய்டாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல சார்" என்றாள். "என் பேரு இஸ்மேலா பியெர். எங்கப்பா பேரு பியெர். நான் கொன்சுவேலோல பொறந்தேன், எங்கம்மாவும் அங்கதான் பொறந்தாங்க. சேம்பர்ஸாத்தான் இங்க இருக்க முடியும்னா, பொறந்ததுக்கு என்ன அர்த்தம்?" பிறகு நெரெய்டாவிடம், "உங்க மேல வருத்தம் இல்லக்கா. ஆனா உங்க மாதிரி, நான் இன்னார் இல்லன்னு சொல்லிப் பழகல" என்றாள்.

அதிகாரி கதவை இழுத்துச் சாத்தினான். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. லாரி நகர்ந்து, ‘நம் அடையாளம்’ நிழலை விட்டு வெயிலுக்குப் போய், பிசாசு வேஷங்களுக்கு நடுவே ஹாரன் அடித்து வழி கேட்டது. பிசாசுகள் ஒதுங்கி வழி விட்டன. நெரெய்டா பின்னால் கொஞ்சதூரம் ஓடினாள். எதற்கு ஓடுகிறோம், பிடித்தால் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலேயே ஓடினாள். மூச்சு முட்டியதும் நின்றாள். வாயில் வந்த வசவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது, ஆத்திரம் மட்டும் தீரவில்லை. அதிகாரி மேல் ஆத்திரம், கை பிசைந்த ஃபாவுஸ்தோ மேல் ஆத்திரம், செத்துப்போன அப்பா மேல், அவர் ஊட்டிய அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல், அதை இத்தனை வருஷம் சோறு மாதிரி மென்று விழுங்கிய தன் வாயின் மேல்.

குழு வரிசையில் நின்றது. மேளக்காரர் கோலைத் தூக்கிக் காத்திருந்தார். "அக்கா, போகலாமா?" என்றான் நால்டோ, முகமூடிக்குள்ளிருந்து.

நெரெய்டா அவன் பின்னந்தலை முடிச்சை அவிழ்த்தாள். "இதைப் போடாத."

"முகத்தைக் காட்டி ஆடறதில்லையே அக்கா. யாரும் அப்படி ஆடினதில்லை."

"இன்னைக்கு ஆடு. யாரைப் பிடிச்சாங்க, யாரை ஆட வச்சாங்கன்னு மேடைல இருக்கிறவங்களும் பாக்கட்டும்."

நால்டோ முகமூடியை உருவினான். கிரீடத்தையும் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவனைப் பார்த்து முக்கோண மணிக்காரர் தன் முகமூடியைத் தூக்கினார். பிறகு ஒவ்வொருத்தராக எல்லாரும். மேளம் எழுந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ, நம் தேசத்தின் பெருமை, நம் பண்பாட்டின் ஆணிவேர்" என்று தொடங்கியவர், இடையில் எதையோ பார்த்து நிறுத்திவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். கண்ணாடிச் சில்லு மின்ன, வெறும் முகமாக. வியர்வை வழிகிற, நரை விழுந்த, கன்னம் ஒட்டிய கறுத்த முகங்கள். நால்டோ முன்னால் ஆடிக்கொண்டு வந்தான். லாரிக்குப் பக்கத்தில் ஆடியது ஆட்டமே இல்லை என்கிற மாதிரி ஆடினான். மேடையில் கைதட்டல் எழும்பப் பார்த்து, பாதியில் தடுமாறி நின்றது. தட்டுவதா வேண்டாமா என்று பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு சீமாட்டி கையில் சின்னக் காகிதக் கொடி வைத்திருந்தாள். ஓரமாக நடந்து வந்த நெரெய்டாவை விரலால் கூப்பிட்டாள்.

"ஏம்மா, முகமூடி ஆட்டம் எங்கே? அதைப் பார்க்கத்தானே வந்தோம். இது யாரு, இந்த ஹைத்திக்காரங்க?"

பழக்கத்தில் நெரெய்டாவின் வாய் திறந்தது. அப்பா கற்றுக்கொடுத்தது நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"ஆமாம்மா" என்றாள், பஸ்ஸில் பேசுகிற அதே குரலில், மேடை முழுக்கக் கேட்கும்படி. "ஹைத்திக்காரங்கதான். கை தட்டுங்க."